முப்பத்தொரு மணி நேரம்

விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் முன்னால் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தபோது சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான், அந்த நேரத்தில் தான் ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்க வேண்டிய ஆள் என்பது நினைவுக்கு வந்தது.

“அண்ணா! எடுத்துட்டியா? சும்மா அடிச்சுப் பாத்தேன். ஃப்ளைட்டுக்குள்ள ஃபோன் எடுக்குமா?”

தங்கை.

“இப்பல்லாம் எடுக்குது” என்றார்.

“என்னமோ கடகடன்னு சத்தம் கேக்குதே?”

பட்டையின் ஏதோ ஒரு உருளை தேய்ந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தது.

“எஞ்சின்.”

“எஞ்சினுக்கு அவ்வளவு பக்கத்துலயா சீட் போடுறாங்க?”

“கடைசி நேரத்துல வாங்கின டிக்கெட். குடுத்த எடத்துல உக்காரணும்.”

தங்கை பெருமூச்சு விட்டாள். “நேரத்துக்கு வந்துடுவேல்ல? மூணு ஃப்ளைட்டுல ஒண்ணு தவறினாலும் போச்சு.”

அவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு இதய ஆபரேஷன். அவர் வீட்டில் சொல்லி வைத்திருக்கும் கணக்குப்படி அவர் வந்து சேரப்போவது நாளைக் காலை எட்டு மணிக்கு. இதில் எந்த நேரத்துக்கு வருவது? கவலையில் ஏதோ உளறுகிறாள், பாவம்.

“வந்துடுவேன்மா.”

“அம்மா போனப்பத்தான் உன்னால வர முடியல. அதுக்கு இன்னும் பேசறாங்க சொந்தக்காரங்க. ‘முப்பத்தொரு மணி நேரம் அவன் என்ன றெக்க கட்டிட்டா வர முடியும்’னு நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சண்ட போட்டுட்டு இருக்கேன். சரி, வெச்சிடறேன். எஞ்சின் சத்தம் காதைப் பிளக்குது.”

பெட்டி வந்தது. மெக்கானிக் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அது இன்னொரு சுற்றுப் போய் வந்தது.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தூரத்து ஊர் ஒன்றில், உயரமான கட்டடங்களில் வேலை. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கூப்பிட்டால், “பதறாதீங்க, கீழதான் இருக்கேன், அஞ்சு நிமிஷம்” என்பார். அப்போது அவர் ஊரின் இன்னொரு கோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அது பொய் இல்லை, முதலுதவி என்பது அவர் கொள்கை.

அவர் வேலை பார்க்கும் ஊருக்கும் பிறந்த ஊருக்கும் நடுவே நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர். ஒன்று வடக்கே, மற்றது நேர் தெற்கே; கடிகாரம்கூட இரண்டு ஊரிலும் ஒரே நேரம்தான் காட்டும். ஆனாலும் முன்பெல்லாம் நேராக வர வழி இல்லை. ஏழு மணி நேரம் கிழக்கே பறந்து, ஆறு மணி நேரம் காத்திருந்து, ஒன்பது மணி நேரம் மேற்கே பறந்து, நாலு மணி நேரம் காத்திருந்து, கடைசியாக ஐந்து மணி நேரம் பறந்தால் ஊர். ஆக மொத்தம் முப்பத்தொன்று. அந்தக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மூன்று வருடம் முன்பு நேர் விமானம் விட்டார்கள். ஐந்து மணி நேரம். மெக்கானிக் அதை வீட்டில் சொல்லவில்லை. முதலில் மறந்துபோய்த்தான் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் அவர் மனைவி இரண்டு பெட்டிகளில் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டைகூட இல்லை. “உங்ககூட இருக்கறதுக்கும் தனியா இருக்கறதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல” என்று மட்டும் சொன்னாள். ஒன்பதாவது நாள், அம்மா போய்விட்டாள் என்று தகவல் வந்தது.

போனால் வாசலிலேயே “அவ எங்க?” என்று கேட்பார்கள். அத்தனை பேர் நடுவில், அம்மாவைக் கிடத்தியிருக்கும் இடத்தில், அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: “முப்பத்தொரு மணி நேரம் ஆகுமே.” அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்றார்கள். அப்பா ஃபோனை வாங்கி, “பரவாயில்லப்பா. தூரம் அப்படி. நீ என்ன பண்ணுவே” என்றார்.

அதன்பிறகு மெக்கானிக் ஊர்ப்பக்கமே வரவில்லை. எப்படி வருவது? ஒரு தடவை ஐந்து மணி நேரத்தில் வந்து நின்றால், அந்தத் தடவையும் ஐந்து மணி நேரம்தான் என்று ஆகிவிடும்.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, நாளைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் என்றார். “வரணும்னு சொல்லல. சொல்லணும்னு தோணுச்சு.”

“வரேன்ப்பா.”

“எப்ப வந்து சேருவே?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு தன் பழைய தடத்திலேயே போயிற்று. “ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பறேன்... முப்பத்தொரு மணி நேரம்... நாளன்னைக்குக் காலைல எட்டு மணி ஆயிடும்பா.”

அப்பா முடித்துக்கொண்டார்: “சரி. நிதானமா வா.”

அந்த ‘நிதானமா’ அவரை விமானம் முழுக்கத் தூங்க விடவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் நின்று, “புதுசா ஒரு ஃப்ளைட் விட்டிருக்கான், அதிர்ஷ்டம்” என்று சொல்லிவிடுவது. இரண்டு மணிக்குள் அப்பாவைப் பார்த்துவிடலாம். அந்த நிம்மதியோடுதான் காலை ஆறு மணிக்கு இறங்கினார்.

பெட்டியை உருட்டிக்கொண்டு வெளிக்கூடத்துக்கு வந்தபோது, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை நின்றது. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். பக்கத்தில் அவர் வேலை பார்க்கும் ஊரின் பெயர். கீழே: ‘நேரடி விமானம். ஐந்தே மணி நேரம். மூன்று ஆண்டுகளாக உங்கள் சேவையில்.’

‘மூன்று’ என்ற சொல் மட்டும் சிவப்பில்.

அம்மா போய் இரண்டு வருடம். கணக்குத் தெரியாதவர்கள்கூடப் போடக்கூடிய கணக்கு.

மெக்கானிக் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போனால் அப்பாவைப் பார்க்கலாம். அம்மா விஷயம் வெளியே வந்துவிடும். உட்கார்ந்தே இருந்தால் அம்மா விஷயம் வெளியே வராது. அப்பாவை ஒருவேளை இனிமேல் பார்க்கவே முடியாமல் போகலாம். மூன்று காகிதக் கோப்பைக் காப்பி ஆயிற்று. எதிரில் வந்தவர்களை வரவேற்க வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள், பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு குழந்தை இவரைத் தன் மாமா என்று நினைத்து ஓடிவந்து, கிட்டே பார்த்து ஏமாந்து திரும்பிப் போயிற்று.

பதினொன்றரைக்கு மெக்கானிக் எழுந்தார். போதும். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் நிற்பது என்று முடிவு செய்தார். வாசலை நோக்கி நாலு அடி வைத்தார்.

எதிரே மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார்.

தங்கையின் கணவர். எதையும் ஒரு நாள் முன்னாலேயே சரிபார்க்கிற ஜாதி. பல் டாக்டரிடம் போவதென்றால்கூட முந்தின நாள் போய் வழியையும் படிகளையும் பார்த்துவிட்டு வருவார். இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, வண்டி நிறுத்திய இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை நிமிடம் என்று அளந்துகொண்டே நடந்து வந்தார். குறிப்பேட்டில் எழுதினார்.

மெக்கானிக் ஒரு தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். மாமனாருக்கு ஆபரேஷன் வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்கு இங்கே என்ன அளவெடுப்பு என்று கோபம் வந்தது. கோபப்படுவதற்குத் தனக்கு இருக்கும் தகுதி நினைவுக்கு வந்து, அடங்கிற்று.

மாப்பிள்ளை நேராக விசாரணை மேஜைக்குப் போனார். எந்த ஊரிலிருந்து என்று அந்தப் பெண் கேட்பாள். இவர் சொல்வார். அவள் அந்தப் பலகையைக் கைகாட்டுவாள்.

மெக்கானிக் மாப்பிள்ளையின் எண்ணை அழுத்தினார். இருபதடி தள்ளி மணி அடித்தது.

“மச்சான்! எங்க இருக்கீங்க?”

“முதல் ஃப்ளைட் எறங்கிட்டேன். அடுத்ததுக்கு உக்காந்திருக்கேன். நீங்க?”

“நம்ம ஏர்போர்ட்டுலதான். நாளைக்கு எங்க நிக்கணும்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இங்க ஒரு பொண்ணு இருக்கு, நீங்க வர்ற வழியைச் சொல்லி எந்த வாசல்னு கேட்டுக்கறேன்...”

“கேக்காதீங்க!”

“ஏன்?”

“தப்புத் தப்பா சொல்லுவாங்க மாப்பிள்ளை.”

“சொல்லட்டுமே. இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டு ஒத்துப் பாத்துக்குவேன்.”

அப்போது பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. பச்சைப் பையை மறந்து வைத்துவிட்டுப் போனவர் உடனே வரவும் என்றது.

மாப்பிள்ளை ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். “மச்சான், உங்க பக்கமும் பச்சைப் பையா?”

“எல்லா ஊர்லயும் மறதிக்காரங்க இருக்காங்க.”

“நம்ம பாஷையிலேயே சொன்னாங்களே?”

“நம்ம ஆளுங்க எங்கதான் இல்ல?”

“அது சரி. ஆனா உங்க குரல் என்னமா தெளிவாக் கேக்குது! பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கு” என்று வியந்தபடி மாப்பிள்ளை மெல்லத் திரும்பினார்.

மெக்கானிக் ஃபோனை அணைத்துவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் திறந்திருந்த லிஃப்டுக்குள் புகுந்தார். உள்ளே வாளியும் துடைப்பானுமாகத் துப்புரவுப் பணியாளர் ஒரு பெண் நின்றிருந்தாள். மூடும் பொத்தானை அழுத்தினார்.

“இருங்க சார், இன்னொருத்தர் வர்றாரு” என்று அவள் திறக்கும் பொத்தானை அழுத்தினாள்.

வந்தது மாப்பிள்ளை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, தலையைக் குனிந்தபடி. மேல் தளத்தையும் அளக்கப் போகிறார் போலிருக்கிறது.

மெக்கானிக் மூடினார். அவள் திறந்தாள். “பாவம் சார், வந்துட்டாரு.” மூடினார். திறந்தாள். அந்த மாடல் லிஃப்டின் கதவை நாலு தடவைக்கு மேல் இப்படிச் சீண்டினால் அது கோபித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். ஐந்தாவது தடவை அழுத்தினார். கதவு மூடியது. லிஃப்ட் ஆறடி ஏறியது. ஒரு குலுக்கல். நின்றது. விளக்கு மங்கியது.

அபாய மணியை அழுத்தினாள் அவள். ஒரு ஆண் குரல் வந்தது.

“பதறாதீங்க. ஆள் கீழதான் இருக்காரு. அஞ்சு நிமிஷம்.”

“அப்பாடா” என்றாள் அவள்.

மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. ஃபோனில் சிக்னல் இல்லை. அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“சார் என்ன வேலை பாக்கறீங்க?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். “லிஃப்ட் ரிப்பேர்.”

அவள் அவரைப் பார்த்தாள். லிஃப்டைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, வாளியிலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தாள். “அப்ப ரிப்பேர் பண்ணுங்களேன்!”

“உள்ள இருந்து பண்ண முடியாதும்மா. வெளிய இருந்துதான் பண்ணணும்.”

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: ஐந்து மணி நேரம், முப்பத்தொரு மணி நேரம், அம்மா, இரண்டு பெட்டித் துணி, இரண்டு மணி ஆபரேஷன். ஆறு வருடம் கூட வாழ்ந்த மனைவியிடம்கூட அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

அவள் துடைப்பான் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். “எங்க வீட்டுக்காரரு பக்கத்துத் தெருவுலதான் இருக்காரு. பாத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. யாராவது கேட்டா, பஸ் வசதி இல்லன்னு சொல்லுவேன்” என்றாள்.



“மணி என்ன சார்?”

“ஒண்ணு அம்பத்தெட்டு.”

அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று ஐம்பத்தொன்பது. இரண்டு. இந்நேரம் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். அப்பா கதவைத் திரும்பிப் பார்த்திருப்பாரா? பார்த்திருக்க மாட்டார். முப்பத்தொரு மணி நேரத் தூரத்தில் இருப்பவனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மெக்கானிக் முகத்தைப் பெட்டியின்மேல் கவிழ்த்துக்கொண்டார். அவள் தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் அவர் கால் அருகே நகர்த்தி வைத்தாள்.

இரண்டு இருபத்தைந்துக்குக் கதவைப் பிளந்து ஒரு தலை தெரிந்தது. மீசையில் டீ நுரை.

“எங்கேருந்துய்யா வர்றே?” என்றார் மெக்கானிக்.

“கீழதான் சார் இருந்தேன்.”

டாக்ஸியில் தங்கையைக் கூப்பிட இரண்டு முறை எண்ணை எடுத்தார். கூப்பிட்டால் பதில் கேட்க வேண்டியிருக்கும் என்று ஃபோனை வைத்துவிட்டார். இப்போது கணக்குப்படி அவர் இரண்டாவது விமானத்தில் மேற்கே போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றி முதல் தடவையாக அவருக்குக் கவலை இல்லை. என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது. கேட்கிற நிலையில் அப்பா இருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி என்றார்கள். லிஃப்ட் திறந்து நின்றது. அவர் படியில் ஏறினார். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு வந்தது.

அப்பாவின் பெயர் எழுதிய அட்டை தொங்கிய கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை இழுத்து மடித்து வைத்திருந்தார்கள். தலையணையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பக்கத்தில் சின்ன அலமாரியின்மேல் அப்பாவின் மூக்குக் கண்ணாடி மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

மெக்கானிக் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு வேணும்?”

அடுத்த கட்டிலில், ஒரு கால் முழுக்க மாவுக்கட்டோடு ஒரு பெரியவர் படுத்திருந்தார். வயிற்றின்மேல் செய்தித்தாள்.

“நான்... இவரோட பையன்.” மூச்சு வாங்கியது. “எல்லாம் என் தப்புங்க. நான் காலையிலேயே வந்துட்டேன். ஆறு மணிக்கே வந்துட்டேன். ஏர்போர்ட்டுலயே உக்காந்துட்டேன். ஆபரேஷன்... அப்பா... என்ன ஆச்சு?”

பெரியவர் செய்தித்தாளை மடித்தார். மெக்கானிக்கைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார்.

“நீங்கதானா அது?” என்றார். “உங்க தங்கச்சி அவரைச் சவரம் பண்ணிவிடக் கூட்டிட்டுப் போயிருக்கு, இப்ப வந்துடுவாங்க, உக்காருங்க தம்பி. ஆபரேஷன் நாளைக்கு மத்தியானம்தான், உங்ககிட்ட மட்டும் ஒரு நாள் முன்னாடி சொல்லி வெச்சிருக்காரு மனுஷன், ‘ஃப்ளைட் அஞ்சு மணி நேரம்தாங்க, ஏர்போர்ட்டுலேருந்து இங்க வர்றதுக்குத்தான் என் பையனுக்கு ஒரு நாள் ஆகும்’னு.”